கேட்டலும் ஏற்றலும்: அத்திப்பட்டு – எண்ணூர்ப் பகுதிக் கருத்துக்கேட்புக் கூட்டங்களும் ஆளுங்கட்சியின் நிலைப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

எதிர்க்கட்சியாக இருக்கும்போது மக்கள் கருத்தை முன்னிறுத்தும் கட்சி, ஆளுங்கட்சியான பின் அக்கருத்தை எவ்வாறு கையாள்கிறது? இவ்வினாவை வடசென்னையின் அத்திப்பட்டு – எண்ணூர்ப் பகுதித் தொழில் திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் (2006) வாசகங்களும், 2021 முதல் 2025 தொடக்கம் வரையிலான நிகழ்வுகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் வேறோர் அரசிடம் இருக்கும்போது மக்கள் கருத்தைத் தன் கருத்தாக ஏற்கும் ஆளுங்கட்சி, தன் நிறுவனமே திட்டத்தை முன்மொழியும்போது கேட்பதோடு நின்றுவிடுகிறது என்பதும், இவ்விடைவெளியைக் குறைக்கும் வழிகளில் சில மாநில அரசின் கையிலேயே உள்ளன என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச் சொற்கள்: கருத்துக்கேட்பு, ஆளுங்கட்சி, அத்திப்பட்டு, எண்ணூர், காட்டுப்பள்ளி, அனல் மின் நிலையம், திருக்குறள்

முன்னுரை

அத்திப்பட்டி என்னும் பெயர், 'சிட்டிசன்' (2001) திரைப்படத்திற்குப் பின், வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்ட ஊரைக் குறிக்கும் அடையாளச் சொல்லாகத் தமிழ்ப் பொதுவழக்கில் நிலைபெற்றது. அப்பெயரை நினைவூட்டும் அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை – கூடூர் இருப்புப்பாதையில், கொசஸ்தலையாற்றின் கழிமுகப் பகுதியை ஒட்டி இன்றும் இருக்கிறது. இவ்வூருக்கு நேர்ந்தது வேறு. இதன் பெயரைச் சூழ்ந்து திட்டங்களின் பெயர்கள் பெருகின. அத்திப்பட்டுப் புதுநகரை ஒட்டிய வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட், மூன்றாம் நிலை 800 மெகாவாட் திறன் உடையவை. அருகிலுள்ள வல்லூர் அனல் மின் நிலையம் 1,500 மெகாவாட் திறன் உடையது. இவற்றுடன் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் சாம்பல் குளங்களும் ஒரே நிலப்பரப்பில் அமைந்துள்ளன.

இத்திட்டங்களை ஒரு கட்சியின் செயலாக மட்டும் காண இயலாது. வடசென்னை அனல் மின் நிலைய மூன்றாம் நிலையின் பணிகள் அ.தி.மு.க. ஆட்சியில் தொடங்கின, அந்நிலை தி.மு.க. ஆட்சியில், 2024 மார்ச்சில் திறந்து வைக்கப்பட்டது. ஆட்சி மாறினும் திட்டம் தொடர்கிறது. கட்சிகளின் நிலைப்பாடோ அவை அமர்ந்திருக்கும் இருக்கைக்கேற்ப மாறுகிறது. இதனை 'வாக்குறுதி மீறல்' என்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆயின் மக்கள் கருத்து அரசின் முன் வந்து சேரும் வடிவத்தை ஆராயாமல் அம்மாற்றத்தை விளக்க முடியாது. அவ்வடிவமே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்.

1. அளவுகோல்

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தில் அமைந்த 548ஆம் குறள், ஆள்வோன் பிறர் கெடுக்க வேண்டாமலே கெடுவதற்குரிய காரணத்தைக் கூறுகிறது. அக்குறளிலிருந்து ஆள்வோனுக்குரிய மூன்று கடமைகளைப் பெறலாம். முதலாவது எண்பதம், முறையிட வருவோர் எளிதில் அணுகும் நிலை. இரண்டாவது ஓர்தல், அவர்கள் கூறியதை ஆராய்தல். மூன்றாவது முறைசெய்தல், ஆராய்ந்து கண்டதற்கேற்பத் தீர்வு வழங்குதல். மூன்றும் ஒரே செயலின் படிகள். முதற்படியில் நின்றுவிட்டவனை முறைசெய்தவனாகக் கொள்ள இயலாது.

முடியாட்சிக் காலத்து அறநெறியை மக்களாட்சிக்கு அளவுகோலாக்கலாமா என்னும் ஐயம் எழலாம். குறள் காட்டும் குடிமகன் முறையிடுபவன். இன்றைய குடிமகன் உரிமையுடையவன். முறையிடுவோனுக்கே இம்மூன்றும் உரியவை எனில், உரிமையுடையோனுக்கு அவை குறைந்தபட்ச அளவேயாகும். இப்பொருளிலேயே இக்கட்டுரை அவற்றைக் கையாள்கிறது.

2. கருத்துக்கேட்பு: சொல்லும் சட்டமும்

தமிழில் 'கேள்' என்னும் வினைக்குச் செவியுறுதல், வினவுதல், சொற்படி நடத்தல் எனப் பல பொருள்கள் உண்டு. 'பிள்ளை சொன்னதைக் கேட்கிறான்' என்பதில் கேட்டல் என்பது ஏற்று நடத்தலாகும். கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு வரும் மக்கள் இம்மூன்றாம் பொருளை எதிர்பார்க்கின்றனர். கூட்டத்தை நடத்தும் அமைப்போ முதற்பொருளோடு தன் கடமை முடிந்ததாகக் கருதுகிறது.

சட்டத்தின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 1994ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 1997இல் செய்யப்பட்ட திருத்தம் கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக 2006 செப்டம்பர் 14இல் வெளியான அறிவிக்கை, அனுமதி வழங்கும் நடைமுறையின் ஒரு கட்டமாக மக்கள் கலந்தாய்வை வைக்கிறது. கூட்டத்திற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலரோ தலைமை ஏற்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி உதவ வேண்டும். நிகழ்வு முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். நடவடிக்கைச் சுருக்கம் முடிவில் உள்ளூர் மொழியில் படித்துக் காட்டப்பட வேண்டும். வருகையாளர் குறைந்தபட்ச எண்ணிக்கை என ஒன்றில்லை, வாக்கெடுப்பும் இல்லை. மக்கள் ஒப்புதல் என்னும் கருத்தாக்கத்திற்கு இவ்வறிவிக்கையில் இடமில்லை.

எனினும் அறிவிக்கையின் ஒரு தொடர் கூர்ந்து நோக்கத்தக்கது. கூட்டத்திற்குப் பின் அணியமாக்க வேண்டிய அறிக்கையைப் பற்றிக் கூறுகையில், அதன் ஆங்கில மூலம் மக்கள் எழுப்பிய 'சிக்கல்கள்' என்றும், அவற்றின் மீது திட்ட முன்மொழிவாளர் தெரிவித்த 'கருத்துகள்' என்றும் பிரித்துக் கூறுகிறது. அதாவது சிக்கல் மக்களுடையது, கருத்து நிறுவனத்தினுடையது. தமிழ் வழக்கில் இது தலைகீழாகிறது. மக்கள் கூறுவது 'கருத்து' ஆகிறது. நிறுவனம் கூறுவது 'பதில்' அல்லது 'விளக்கம்' ஆகிறது. கழிமுகத்தில் இறால் குறைந்ததை, நீரோட்டம் மாறியதை, சாம்பல் படிந்து ஆறு ஆழம் குன்றியதை ஒரு மீனவர் எடுத்துரைக்கும்போது அது சான்றுரை. 'கருத்து' என்னும் தலைப்பின் கீழ் வந்தவுடன் அது மறுக்கத்தக்க ஓர் அபிப்பிராயமாகச் சுருங்குகிறது. நிறுவனத்தின் கூற்றோ 'விளக்கம்' எனப் பெயர் பெறுவதால் ஐயத்தைத் தீர்த்துவைக்கும் தகுதியை முன்கூட்டியே பெற்றுவிடுகிறது. பெயரிடுதலில் நிகழும் இவ்விடமாற்றம், ஓர்தல் என்னும் இரண்டாம் படியைத் தொடங்குமுன்னரே தளர்த்துகிறது.

3. எண்பதம்: அணுகும் வழியின் அளவு

முழு மதிப்பீட்டு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் அமைகிறது. தமிழில் கட்டாயமாகக் கிடைப்பது அதன் சுருக்கம் மட்டுமே. கடல் அரிப்பு, நிலத்தடி நீரின் உப்புத்தன்மை, சாம்பல் மேலாண்மை ஆகியவற்றைப் பற்றிய கணக்கீடுகள் முழு அறிக்கையிலேயே உள்ளன. சுருக்கத்தைப் படித்து வருவோரிடம் முழு அறிக்கைக்கான மறுமொழி எதிர்பார்க்கப்படுகிறது.

மொழியின் இன்றியமையாமையை அரசியல் கட்சிகள் அறியாதவை அல்ல. 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு அணியமாக்கிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியானது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் அதனை மொழிபெயர்க்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2020 சூன் 30இல் ஆணையிட்டது. முன்னறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்க முனைந்த அவ்வரைவை, அன்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. வன்மையாக எதிர்த்தது. மக்களின் குரலுக்குரிய காலத்தையும் இடத்தையும் குறைக்கலாகாது என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம். அதே நெறியின்படி, மாநில அரசின் நிறுவனங்கள் முன்மொழியும் திட்டங்களுக்கேனும் முழு அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும் என்னும் கோரிக்கை இயல்பாகவே எழுகிறது. அதனைத் தடுக்கும் விதி அறிவிக்கையில் ஏதுமில்லை.

4. காட்டுப்பள்ளி: தள்ளிவைத்தல் என்னும் கொள்கை

2018இல் அதானி குழுமத்தின் வசமான காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராகவும், ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன் சரக்குக் கையாளும் திறனுடையதாகவும் விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. இதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 சனவரி 22இல் நடைபெறுவதாக இருந்தது. கொரோனாத் தொற்றைக் காரணங்காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தலையொட்டித் தி.மு.க. இத்திட்டத்திற்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்தது. ஆட்சிக்கு வந்தபின், 2023 செப்டம்பர் 5இல் கூட்டம் நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, அக்கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது.

இத்தள்ளிவைப்பை மக்களின் வெற்றியாகக் கொள்வோர் உளர். கூட்டம் நடந்திருப்பின் திட்டம் அடுத்த கட்டத்திற்குச் சென்றிருக்கும் என்னும் அளவில் அது ஏற்கத்தக்கதே. ஆயின் இதன் மறுபுறத்தையும் காண வேண்டும். எதிர்பாராத அவசர நிலை ஏற்பட்டாலன்றி, அதுவும் மாவட்ட ஆட்சியரின் பரிந்துரை இன்றி, கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் இடத்தையும் மாற்றலாகாது என்பது அறிவிக்கையின் விதி. கோரிக்கை வந்த 45 நாள்களுக்குள் மாநில வாரியம் கூட்டத்தை நடத்தி முடிக்காவிடில், அனுமதி வழங்கும் அமைப்பு வேறொரு முகமையைக் கொண்டு நடத்திக்கொள்ளவும் வழியுண்டு. எனவே தள்ளிவைத்தல் திட்டத்திற்கு நிலையான தடையாகாது.

தள்ளிவைத்தலால் ஆளுங்கட்சிக்கு ஒரு வசதி கிடைக்கிறது. திட்டத்தை ஏற்றதாகவோ மறுத்ததாகவோ அது பதிவாவதில்லை. மறுப்பதானால் காரணங்களை எழுத்தில் வைக்க வேண்டும். அக்காரணங்கள் கழிமுகத்தின் நீரியல், கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்தின் எல்லை, மீனவர் வாழ்வாதாரம் ஆகியவற்றைச் சார்ந்தவையாக இருக்கும். எழுதப்பட்டபின் அவை காட்டுப்பள்ளிக்கு மட்டும் உரியனவாக நிற்கா. அதே கழிமுகத்தில் அரசே முன்மொழியும் திட்டங்களுக்கும் பொருந்தும். எழுதப்படாத மறுப்பு இந்த நெருக்கடியைத் தவிர்த்துவிடுகிறது. மக்களுக்கோ அது எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரக்கூடிய அச்சமாக நீடிக்கிறது. எண்பதத்தின் வாயில் இங்குத் திறக்கப்படவுமில்லை, மூடப்படவுமில்லை.

5. எர்ணாவூர்: அரசே முன்மொழிவாளர் ஆகும்போது

450 மெகாவாட் திறனுடைய பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி, 2017 மார்ச்சு இறுதியில் மூடப்பட்டது. அவ்வளாகத்தில் 660 மெகாவாட் விரிவாக்க அலகை அமைப்பதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 திசம்பர் 20இல் எர்ணாவூரில் நடத்தப்பட்டது. காட்டுப்பள்ளிக் கூட்டம் இருமுறை தள்ளிப்போனதையும் இக்கூட்டம் நடத்தி முடிக்கப்பட்டதையும் அருகருகே வைத்துக் காண்பது பயனுடையது.

எர்ணாவூரில் திட்டத்தை முன்மொழிந்தது மாநில அரசின் மின் நிறுவனம். கூட்டத்திற்குத் தலைமையேற்பது மாவட்ட நிருவாகம். ஏற்பாடு செய்வது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மூன்றும் ஒரே அரசின் உறுப்புகள். தனியார் திட்டத்தில் முன்மொழிவாளருக்கும் மக்களுக்கும் இடையே நடுநிலையாளராகத் தோன்றும் வாய்ப்பேனும் அரசுக்கு உண்டு. இங்கு முறையிடப்படுபவரும் முறைகேட்பவரும் ஒருவரே. தனிப்பட்ட அலுவலரின் நேர்மையைப் பற்றிய கேள்வி இதுவன்று. அமைப்பின் கட்டமைப்பைப் பற்றிய கேள்வி. அறிவிக்கை இச்சூழலுக்கென்று தனி ஏற்பாடு எதனையும் செய்யவில்லை.

ஓர்தல் என்னும் படியிலும் ஒரு குறை வெளிப்படுகிறது. ஒவ்வொரு கூட்டமும் ஒரு திட்டத்திற்கு உரியது. மக்களின் வாழ்வோ எல்லாத் திட்டங்களின் கூட்டு விளைவில் நிகழ்கிறது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் மழையைத் தொடர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, எண்ணூரில் உள்ள உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, அருகிலுள்ள குப்பங்களைச் சேர்ந்தோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஒரு மாத இடைவெளிக்குள் நிகழ்ந்த இவ்விரண்டும் வெவ்வேறு நிறுவனங்களைச் சார்ந்தவை. பாதிப்புற்ற நிலப்பரப்பு ஒன்றே. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தில் வாழ்வோருக்கு எத்தனை மெகாவாட் எந்த நிலையத்தினுடையது என்பது பொருட்டன்று. அத்திப்பட்டு – எண்ணூர்ப் பகுதி முழுமைக்குமான தாங்குதிறன் மதிப்பீடு வேண்டும் என்னும் கோரிக்கை, தனித்திட்டக் கூட்டத்தின் சட்டகத்திற்குள் 'திட்டத்திற்குத் தொடர்பற்ற கருத்து' என ஒதுக்கப்படும் வாய்ப்பே மிகுதி.

6. அரிட்டாபட்டி தரும் ஒப்பீடு

ஆளுங்கட்சி மக்கள் கருத்தை ஏற்பதே இல்லை என்னும் முடிவுக்கு இச்சான்றுகளிலிருந்து செல்வது பிழையாகும். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கான உரிமத்தை 2024 நவம்பரில் ஒன்றிய அரசின் ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் பெற்றது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியை அது உள்ளடக்கியிருந்தது. ஊர்கள் திரண்டன, கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. 2024 திசம்பர் 9இல் சட்டமன்றம் அவ்வுரிமத்தை நீக்கக் கோரித் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை நீக்கியது.

சட்டமன்றத் தீர்மானத்திற்கும் எர்ணாவூர்க் கூட்டத்திற்கும் இடைப்பட்ட காலம் 11 நாள். ஒரே ஆளுங்கட்சி, ஒரே மாதம். மேலூரில் கேட்டல் ஏற்றலாக நிறைவுற்றது. எர்ணாவூரில் கேட்டல் பதிவாக நின்றது. இரு திட்டங்களின் தன்மை வேறு என்பது உண்மையே: ஒன்று புதிய சுரங்கம், மற்றொன்று ஏற்கெனவே தொழிற்பகுதியான இடத்தில் அமையும் விரிவாக்கம். ஆயினும் முதன்மையான வேறுபாடு, மறுக்கப்படும் முடிவு யாருடையது என்பதில் உள்ளது. மேலூரில் ஒன்றிய அரசின் முடிவை மறுப்பது மாநில உரிமையை நிலைநாட்டும் அரசியலோடு இயைந்தது. எர்ணாவூரில் மறுக்க வேண்டியது தன் முடிவையே. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத்திற்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை மீண்டும் மீண்டும் நிறைவேற்றிய தீர்மானங்கள், மாநில அரசு முன்னெடுக்கும் திட்டம் என்பதாலேயே மேலூர்த் தீர்மானங்கள் பெற்ற பயனைப் பெறவில்லை என்பது இவ்வாசிப்பை வலுப்படுத்துகிறது.

கிராம சபையின் சொல் சட்ட வலிமை பெறும்போது நிலை மாறுவதை ஒடிசாவின் நியம்கிரி காட்டுகிறது. 2013 ஏப்ரல் 18ஆம் நாளைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கருத்துக் கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் பாக்சைட்டுச் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் கைவிடப்பட்டது. அங்கு வன உரிமைச் சட்டம் (2006) துணைநின்றது. கழிமுக மீனவர்க்கு அத்தகைய சட்டத்துணை இல்லை. அவர்கள் சொல்லின் வலிமை அரசின் மனப்பாங்கையே சார்ந்து நிற்கிறது.

7. ஆளுங்கட்சித் தரப்பு வாதம்

அரசின் தரப்பில் வலுவான வாதங்கள் உள்ளன. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2இல் 20,830 மெகாவாட்டை எட்டியது. வெளிச்சந்தையில் வாங்கும் மின்சாரத்தின் சுமை மாநில நிதியில் விழுகிறது. மூடப்பட்ட நிலையத்தின் வளாகத்தைப் பயன்படுத்தினால் புதிய விளைநிலம் எடுக்க வேண்டியதில்லை. வடசென்னையின் உழைக்கும் மக்களில் ஒரு பகுதியினர் இந்நிலையங்களால் வாழ்கின்றனர். வேலைவாய்ப்பைக் கோருவோரும் அதே மக்களே. மேலும், தேர்தலில் பெற்ற பெரும்பான்மை மாநிலம் முழுவதன் கருத்து. கூட்டத்திற்கு வரும் சிலரின் எதிர்ப்பு அதற்கு ஈடாகாது என்பதும் ஒரு வாதம்.

இவற்றுள் முதல் நான்கும் பொருண்மையுடையவை, ஆராய்ந்து விடையளிக்கத்தக்கவை. கருத்துக்கேட்புக் கூட்டம் நிகழ வேண்டிய களமே அதுதான். கடைசி வாதம் ஏற்கத்தக்கதன்று. மின்சாரத்தின் பயன் மாநிலம் முழுதும் பரவுகிறது; சாம்பலும் கசிவும் ஓரிடத்தில் குவிகின்றன. பயன் பரவலாகவும் இழப்பு ஓரிடத்திலும் அமையும்போது, பெரும்பான்மையை எண்ணிக் காட்டுவது அவ்வேற்றத்தாழ்வை மறைக்கும். தேர்தல் பெரும்பான்மை எட்டாத இடத்திற்காகவே இடஞ்சார்ந்த கருத்துக்கேட்பு சட்டத்தில் வைக்கப்பட்டது.

எதிர்த்தரப்பு விமர்சனமும் ஆய்வுக்குரியது. கருத்துக்கேட்புக் கூட்டங்கள் அனைத்தும் 'நாடகம்' என்பது அத்தரப்பில் பரவலாக ஒலிக்கும் கூற்று. அது சோர்வின் வெளிப்பாடாகப் புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும் முழு உண்மையன்று. கோவா இரும்புத் தாதுச் சுரங்கம் தொடர்பான உத்கர்ஷ் மண்டல் வழக்கில் (2009), கூட்டத்தில் எழுப்பப்பட்ட மறுப்புகளை வல்லுநர் குழு கருத்தில் கொண்டமைக்கான காரணங்கள் புலப்பட வேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்வோர்க்குக் கூட்டத்தின் பதிவே முதற்சான்று. கூட்டத்தைப் புறக்கணித்தால் அச்சான்றும் இல்லாதொழியும்.

8. முறைசெய்தல்: மாநில அரசின் எல்லைக்குள்

ஒன்றிய அறிவிக்கையைத் திருத்தும் அதிகாரம் மாநில அரசுக்கு இல்லை. ஆயின் அவ்வறிவிக்கையை மீறாமலே செய்யக்கூடியவை நான்கு உள்ளன. முதலாவது, மாநில அரசு நிறுவனங்கள் முன்மொழியும் திட்டங்களின் முழு மதிப்பீட்டு அறிக்கையையும் தமிழில் வெளியிடுதல். இரண்டாவது, அத்திப்பட்டு முதல் திருவொற்றியூர் வரையிலான பகுதிக்கு ஒருங்கிணைந்த தாங்குதிறன் மதிப்பீட்டைச் செய்து, அதன் முடிவு வரும்வரை தன் புதிய முன்மொழிவுகளை நிறுத்திவைத்தல். மூன்றாவது, கூட்ட அறிக்கையில் மக்கள் கூறியதைச் 'சான்றுரை', 'வினா', 'எதிர்ப்பு' எனப் பகுத்துப் பதிவுசெய்தல். நான்காவது, திட்டத்தைத் தொடர்வதாயினும் கைவிடுவதாயினும் மாநில அரசு தன் முடிவுக்கான காரணங்களை எழுத்தில் சட்டமன்றத்தின் முன் வைத்தல்.

இவற்றுள் நான்காவதே முதன்மையானது. காட்டுப்பள்ளிக்கு எழுதப்பட்ட காரணம் எர்ணாவூருக்கும் பொருந்துமா என்று அப்போது எவரும் வினவ இயலும். ஆளுங்கட்சியின் கொள்கை, திட்டத்திற்குத் திட்டம் மாறும் நிலைப்பாடாக இல்லாமல், ஒப்பிட்டுச் சோதிக்கத்தக்க நெறியாக அமையும்.

முடிவுரை

காட்டுப்பள்ளியில் கூட்டம் நடக்கவில்லை, எர்ணாவூரில் நடந்தது. இரண்டிலும் மக்கள் கருத்துக்கு ஆளுங்கட்சியின் காரணங்காட்டிய விடை கிடைக்கவில்லை. மேலூரில் அவ்விடை கிடைத்தமை, கேட்டதை ஏற்கும் ஆற்றல் மாநில அரசியலில் உண்டு என்பதை உறுதிப்படுத்துகிறது. அவ்வாற்றல் பிறர் முடிவுகளின்மீது மட்டும் செயற்படும்வரை, ஒரு கட்சி எதிர்க்கட்சி இருக்கையில் அமர்ந்து பேசியதும் ஆளுங்கட்சி இருக்கையில் அமர்ந்து செய்வதும் வேறுபட்டே நிற்கும். திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் (389), செவிக்குக் கசப்பான சொற்களைப் பொறுக்கும் பண்பை ஆள்வோனுக்கு உரியதாக்குகிறது. கசப்பான சொல் தன் முடிவைப் பற்றியதாக இருக்கும்போதே அப்பண்பு சோதனைக்கு உள்ளாகிறது. அத்திப்பட்டு – எண்ணூர்ப் பகுதியின் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தையும் அதன் பின்வரும் அறிக்கையையும் மதிப்பிட முற்படும் ஆய்வாளர், எத்தனைப் பேர் பேசினர் என்பதோடு நில்லாமல், பேசப்பட்டவற்றுள் எவற்றுக்குக் காரணத்துடன் விடை எழுதப்பட்டது என்பதையும் கணக்கிட வேண்டும்.